டி.என்.இ.ஏ. சாய்ஸ் ஃபில்லிங்: எட்டும் கல்லூரி எது, எட்டாதது எது, பட்டியலில் எதை எங்கே வைப்பது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கேள்விதான் ஓடும்: "இந்தக் கட்-ஆஃபுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கே கிடைக்கும்?" பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பதில் சொல்வார், டியூஷன் சார் ஒன்று சொல்வார், யூடியூப்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூன்று பேரும் சொல்வது பெரும்பாலும் போன வருடத்துக் கதை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வான டி.என்.இ.ஏ.-வில் முதல்முறையாகக் கலந்துகொண்டு, வேண்டிய கல்லூரி, பிராஞ்சுகளை ஆன்லைனில் வரிசைப்படுத்தப்போகும் (அதுதான் சாய்ஸ் ஃபில்லிங்) மாணவருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கப்போகும் அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இந்த ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் வருகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள், அரசுக் கல்லூரிகள், உதவி பெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள் தரும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் இதில் அடக்கம். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரி 65 சதவீத இடங்களைத் தர வேண்டும், சிறுபான்மைக் கல்லூரி 50 சதவீதம். ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. இதில் வராது. வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம்., சாஸ்த்ரா, அமிர்தா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வராது. அவற்றுக்குத் தனித்தனி வழி.

படி 1: உங்கள் எண்கள்

கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 85 வாங்கியவருக்கு 92 + 44 + 42.5 = 178.5. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல், இன்னும் சிலவற்றைப் பார்த்த பிறகு பிறந்த தேதி. எல்லாவற்றிலும் சமமாக இருந்தால்தான் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் தரும் ரேண்டம் எண்ணுக்கு வேலை. அந்த எண் வெளியாகும் நாளில் "என் பையனுக்குச் சின்ன நம்பர் வந்துவிட்டது" என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது போதும்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தனி ரேங்க்கும் இருக்கும். 2021-லிருந்து உள்ள இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. அதனால் தகுதி இருந்தும் அந்த ரேங்க் உங்களுக்கு வராவிட்டால் சும்மா விடாதீர்கள். பட்டியல் வெளியான பிறகு குறை சொல்லச் சில நாட்கள் தருவார்கள். சாதிப் பிரிவு தவறாக ஏறியிருக்கிறதா, முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை விடுபட்டிருக்கிறதா என்பதையெல்லாம் அந்த நாட்களுக்குள் டி.என்.இ.ஏ. சேவை மையத்தில் சொல்லிச் சரிசெய்துவிட வேண்டும்.

படி 2: இடம் எப்படி ஒதுக்குகிறார்கள்

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புரியாததால்தான் நல்ல ரேங்க் வைத்திருப்பவர்கள்கூட மோசமான பட்டியல் போடுகிறார்கள்.

மாணவர்களை ரேங்க்படி மூன்று சுற்றாகப் பிரித்து அழைக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு சுற்றிலும் ரேங்க் வரிசையில் மாணவர்களை ஒவ்வொருவராக எடுக்கிறது. ஒருவருடைய முறை வரும்போது அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதல் சாய்ஸில் இடம் இருக்கிறதா? பொதுப் பிரிவில் இல்லையென்றால் அவருடைய சமூகப் பிரிவில் இருக்கிறதா? இரண்டிலும் இல்லையென்றால் இரண்டாவது சாய்ஸ், மூன்றாவது சாய்ஸ் என்று இறங்கி, இடம் இருக்கும் முதல் சாய்ஸை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ரேங்க்குக்குப் போய்விடும். அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, கிடைக்காத கல்லூரியை மேலே வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. 185 கட்-ஆஃப் வைத்துக்கொண்டு கிண்டி பொறியியல் கல்லூரி கம்ப்யூட்டர் சயின்ஸை முதலில் போட்டால் கிடைக்காது. பொதுப் பிரிவில் அது 199-க்கு மேலேயே முடிந்துவிடும் இடம். ஆனால் அதைப் போட்டதற்காக உங்கள் இரண்டாவது சாய்ஸுக்கான வாய்ப்பு துளியும் குறையாது. அந்த வரியைத் தாண்டிப் போவதற்குள் வேறு யாரும் உங்களை முந்திவிட முடியாது, ஏனென்றால் முறை உங்களுடையது. "மேலே பெரிய கல்லூரியாப் போட்டா சாய்ஸ் வீணாப்போயிடும்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சாய்ஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பே கிடையாது, வீணாவதற்கு எதுவும் இல்லை.

இரண்டாவது இதன் மறுபக்கம். "சேஃப்டிக்கு" என்று நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை மேலே வைத்தால் அதுதான் கிடைக்கும். அதற்குக் கீழே நீங்கள் வைத்த நல்ல கல்லூரியைக் கம்ப்யூட்டர் எட்டிக்கூடப் பார்க்காது.

ஆக, வரிசை ஆசைப்படிதான் இருக்க வேண்டும். யதார்த்தம் பார்க்க வேண்டிய இடம் பட்டியலின் அடிப்பகுதி: அது எவ்வளவு ஆழம் போகிறது, அங்கே என்ன இருக்கிறது என்பது. இங்கிலாந்தில் மருத்துவப் படிப்புக்கு நான்கே நான்கு விண்ணப்பம்தான் போட முடியும் என்பதால் அங்கே மாணவர்கள் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இருந்தும் பத்துப் பதினைந்து சாய்ஸோடு நிறுத்திவிட்டு, முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் நிற்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம்.

படி 3: போன வருடத்துக் கட்-ஆஃபைப் படிப்பது

கல்லூரி, பிராஞ்ச், சமூகம் வாரியாக முந்தைய ஆண்டுகளில் எந்தக் கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்ற விவரம் டி.என்.இ.ஏ. தளத்திலேயே கிடைக்கிறது. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு "நம்ம 179, அங்கே போன வருஷம் 178-ல முடிஞ்சிருக்கு, கிடைச்சிடும்" என்கிறார்கள்.

கட்-ஆஃப் ஒவ்வொரு வருடமும் மதிப்பு மாறும் எண். 200-க்கு 200 வாங்கியவர்கள் 2023-ல் 102 பேர், 2024-ல் 65 பேர், 2025-ல் 144 பேர். முதல் சுற்றுக்கு 2024, 2025 இரண்டு ஆண்டுமே 179 வரை அழைத்தார்கள். 2024-ல் அந்த 179-க்குப் பொது ரேங்க் சுமார் 26,600. அடுத்த வருடம் அதே 179-க்கு ரேங்க் சுமார் 39,000. தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்களே சுமார் 2 லட்சத்திலிருந்து 2.4 லட்சமாகக் கூடிவிட்டார்கள். மதிப்பெண் ஒன்றுதான், முன்னால் நிற்கும் கூட்டம் மட்டும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் கூடியிருக்கிறது. 2025-ல் 179-ஐ வைத்துக்கொண்டு 2024-ன் பட்டியலைப் பார்த்தவர் ஏமாந்திருப்பார்.

அதனால் ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். கையில் கட்-ஆஃப் விவரம் மட்டும்தான் இருக்கிறதென்றால் ஒரு சுற்றுவழி உண்டு. உங்கள் இந்த வருடப் பொது ரேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடத் தரவரிசைப் பட்டியலைத் திறந்து, அதே ரேங்க்கில் இருந்தவரின் கட்-ஆஃப் என்ன என்று பாருங்கள். அதுதான் போன வருடக் கணக்கில் உங்கள் கட்-ஆஃப். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கல்லூரிப் பட்டியலைப் பார்த்தால் படம் தெளிவாகத் தெரியும். சமூகப் பிரிவில் பார்க்கும்போது சமூக ரேங்க்கைச் சமூக ரேங்க்கோடு வையுங்கள், பொது ரேங்க்கைப் பொது ரேங்க்கோடு வையுங்கள். இரண்டையும் கலந்தால் எல்லாமே தப்பாகப் போகும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. மாணவர்கள் பொதுப் பிரிவுக் கடைசி எண்ணையும் தங்கள் பிரிவுக் கடைசி எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கிறது.

2021-ம் ஆண்டு விவரத்தைத் தொடவே வேண்டாம். கொரோனாவால் அந்த வருடம் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். அந்த எண்களுக்கும் இப்போதைய எண்களுக்கும் சம்பந்தமே இல்லை. கடைசி இரண்டு ஆண்டுகள் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிராஞ்சில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2024-25-ல் எடுத்துவிட்டது. அப்புறம் பல தனியார் கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டிக்கொண்டன. இடம் கூடினால் அந்தக் கல்லூரியில் கடைசி ரேங்க் கீழே இறங்கும். எனவே போன வருடத்தைவிட இந்த வருடம் எத்தனை இடம் என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். கூடியிருந்தால் கொஞ்சம் துணிச்சலாக எதிர்பார்க்கலாம்.

படி 4: கல்லூரியா, பிராஞ்சா?

இதைத் திரை முன்னால் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக, வீட்டில் எல்லோரும் பேசி முடித்திருக்க வேண்டும். ஹாஸ்டலுக்கு அனுப்புவீர்களா? பஸ்ஸில் ஒரு வழிக்கு எவ்வளவு நேரம் போகலாம்? வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும்? கட்டணக் குழு நிர்ணயிப்பது கல்விக் கட்டணத்தை மட்டும்தான். பஸ், ஹாஸ்டல், "பயிற்சிக் கட்டணம்" என்று வருவதை அந்தந்தக் கல்லூரியில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால்தான் தெரியும். பி.எஸ்.ஜி. டெக், கோவை சி.ஐ.டி., மதுரை தியாகராஜர் போன்ற உதவி பெறும் கல்லூரிகளிலும் சில பிராஞ்சுகள் சுயநிதியில் நடக்கின்றன. அவற்றின் கட்டணம் வேறு. பிராஞ்ச் பெயரோடு சேர்ந்து வரும் குறிப்பைக் கவனித்துப் படியுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ், சைபர் செக்யூரிட்டி எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகப் பார்க்கலாம் என்பது என் கருத்து. அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், கேம்பஸுக்கு வரும் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளும் இவர்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு நல்ல கல்லூரியில் ஐ.டி. கிடைக்கும்போது, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காகப் பல படி கீழே உள்ள கல்லூரிக்குப் போவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், இதில் பலர் சண்டைக்கு வருவார்கள். கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி, காரைக்குடி அரசுக் கல்லூரிகளில் ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ்) அல்லது டிரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல்) கிடைக்கிற ரேங்க்கில் இருப்பவர், ஆசிரியர் வருடாவருடம் மாறும் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸை அதற்கு மேலே வைக்கக் கூடாது. கோடிங்கை வெளியேயும் கற்றுக்கொள்ளலாம். கூடப் படிக்கும் கூட்டமும் நாலு வருடச் செலவும் கல்லூரியோடு சேர்ந்து வருபவை. பிள்ளைக்குச் சர்க்யூட் என்றாலே வெறுப்பு என்றால் மட்டும் இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

ஒரு கல்லூரியை எப்படி எடைபோடுவது? அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தேர்ச்சி பத்து இருபது சதவீதத்தில் நிற்கும் கல்லூரியை அடித்துவிடலாம். தன்னாட்சிக் கல்லூரிகளை இந்தக் கணக்கில் ஒப்பிட முடியாது, அவர்களே வினாத்தாள் எடுத்து அவர்களே திருத்துகிறார்கள். அங்கே தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் எந்த பிராஞ்சுக்கு இருக்கிறது என்று பாருங்கள், கல்லூரிக்கு இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் அது பிராஞ்ச் வாரியாகத் தரப்படுவது. பிளேஸ்மென்ட் போஸ்டரில் ஒரு பையனுக்கு நாற்பது லட்சம் என்று போட்டிருந்தால் அது அந்தப் பையனைப் பற்றிய தகவல். உங்களுக்கு வேண்டியது அந்த பிராஞ்சில் படித்த அறுபது பேரில் முப்பதாவது ஆள் என்ன வாங்குகிறார் என்பது. கல்லூரி வாசலில் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள், சொல்வார்.

படி 5: பட்டியலைக் கட்டுவது

ஒரு பேச்சுக்கு உங்கள் பொது ரேங்க் 30,000 என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் 15,000-க்கும் 28,000-க்கும் இடையில் முடிந்தவற்றில் உங்களுக்குப் பிடித்தவை மேலடுக்கு. கிடைத்தால் அதிர்ஷ்டம். 28,000-லிருந்து 38,000 வரை முடிந்தவை நடு அடுக்கு. உங்கள் சீட் பெரும்பாலும் இங்கேதான் விழும், அதனால் இங்கே நிறையப் போடுங்கள், வரிசையை இரண்டு மூன்று முறை மாற்றி யோசியுங்கள். 38,000-லிருந்து 55,000, 60,000 வரை முடிந்தவை அடி அடுக்கு. இதுதான் உங்களைத் தாங்கிப் பிடிப்பது, எல்லோரும் சோம்பல்படுவதும் இங்கேதான். மூன்றும் சேர்ந்து அறுபது, எண்பது, நூறு சாய்ஸ் வந்தாலும் வரட்டும்.

அடுக்கு என்று சொன்னது தேடுவதற்கான வசதிதான். வரிசைப்படுத்தும்போது ரேங்க் எண்ணை மறந்துவிடுங்கள். நடு அடுக்கில் உள்ள ஒன்று மேலடுக்கில் உள்ளதைவிட உங்களுக்குப் பிடித்திருந்தால் அதுதான் மேலே போக வேண்டும்.

ஒவ்வொரு சாய்ஸும் ஒரு கல்லூரியும் ஒரு பிராஞ்சும் சேர்ந்தது. பலர் ஒரு கல்லூரியை எடுத்து அதன் ஐந்து பிராஞ்சையும் வரிசையாகப் போட்டுவிட்டு அடுத்த கல்லூரிக்குப் போகிறார்கள். அப்படிப் போட்டால் முதல் கல்லூரியின் சிவில், இரண்டாவது கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேலே உட்கார்ந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு வரியை எடுத்து, "இரண்டும் கையில் கிடைத்தால் எதில் சேருவேன்?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே வரிசை தப்பு.

கடைசி வரிக்கும் ஒரு சோதனை உண்டு: இது மட்டும்தான் கிடைத்தது என்றால் போய்ச் சேருவீர்களா? மாட்டோம் என்றால் அதை எடுத்துவிடுங்கள். யார் சொன்னார்கள் என்பதற்காகவும் எந்த வரியும் இருக்கக் கூடாது.

பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்துப் போடுங்கள். சி.ஐ.டி. என்றால் கோவையிலும் இருக்கிறது, சென்னை குன்றத்தூர்ப் பக்கத்திலும் இருக்கிறது. கோவையில் ஸ்ரீ கிருஷ்ணா என்ற பெயரிலேயே இரண்டு பொறியியல் கல்லூரிகள். பி.எஸ்.ஜி. டெக் பீளமேட்டில், பி.எஸ்.ஜி. ஐ-டெக் நீலாம்பூரில். கோவை சி.ஐ.டி. 2007, பி.எஸ்.ஜி. டெக் 2006, ஜி.சி.டி. 2005. இப்படி எண்களோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தவறு வராது.

பாஸ்வேர்டு உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் நீங்களே டைப் செய்யுங்கள். "நாங்களே ஃபில் பண்ணித் தர்றோம்" என்று வருகிறவர்கள் ஏதாவது ஒரு கல்லூரிக்காக வேலை செய்கிறவர்களாக இருக்கலாம்.

படி 6: ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய இரண்டு நாள்தான். பதில் சொல்லாவிட்டால் சீட் போய்விடும். வரும் வாய்ப்புகளில் 'அசெப்ட் அண்ட் ஜாயின்' எளிது: ஏற்றுக்கொண்டு, குறித்த நாளுக்குள் கல்லூரியில் போய்ப் பணம் கட்டிச் சேர வேண்டும். முதல் சாய்ஸே கிடைத்தவருக்கு இதற்கு மேல் யோசனை இல்லை.

'அசெப்ட் அண்ட் அப்வேர்ட்' என்றால், கிடைத்ததை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ள சாய்ஸில் யாராவது சேராமல் இடம் காலியானால் அதைக் கொடுங்கள் என்று பொருள். மேல் ரேங்க்காரர்கள் எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் என்.ஐ.டி.க்கும் போய்விடுவதால் முதல் சுற்றில் இப்படி நகருவது சாதாரணமாக நடக்கும். குறித்த நாளுக்குள் சேவை மையத்தில் பணம் கட்டிவிட்டால் குறைந்தபட்சம் இப்போதைய சீட் உறுதி. ஆனால் மேலே உள்ள சாய்ஸ் கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. பட்டியலின் மேல்பகுதியில் அரைமனதாக ஏதாவது போட்டிருந்தால் இந்த இடத்தில்தான் அது கழுத்தைப் பிடிக்கும். அதனால் அப்வேர்டை அழுத்துவதற்கு முன், கிடைத்த சாய்ஸுக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் மறுபடி படியுங்கள். அவற்றில் ஒன்றுகூட இப்போது வேண்டாம் என்று தோன்றினால் 'ஜாயின்' கொடுத்துவிடுவது நல்லது.

'டிக்ளைன் அண்ட் அப்வேர்ட்' கையில் இருப்பதை விட்டுவிட்டு மேலே மட்டும் பார்ப்பது. 'டிக்ளைன்' செய்து அடுத்த சுற்றுக்குப் போவதும் உண்டு. அடுத்த சுற்றில் உங்கள் ரேங்க் மாறாது, அந்தச் சுற்றுக்காரர்களுக்கு முன்னால்தான் நிற்பீர்கள். ஆனால் முதல் சுற்றில் மீந்த இடங்கள்தான் அங்கே இருக்கும், நல்ல கல்லூரிகளின் கம்ப்யூட்டர் குடும்பம் அதில் அனேகமாக இருக்காது. பட்டியலை ஒழுங்காகப் போட்டவருக்கு இந்த இரண்டும் தேவைப்படுவதே அபூர்வம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பே பணம் கட்டி ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர்கள், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதைக் கலந்தாய்வுத் தேதிகளுக்குப் பக்கத்திலேயே காலண்டரில் எழுதி வையுங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான். மூன்று சுற்றிலும் இடம் அமையாதவர்களுக்கும், உடனடித் துணைத்தேர்வில் தேறியவர்களுக்கும் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பழைய பதிவு தானாக அங்கே போகாது. அறிவிப்பு தளத்தில்தான் வரும், அதனால் ஆகஸ்ட் முழுக்கத் தினமும் ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள்.